நஞ்சுக்கொடி கீழே இருக்கிறது, மனைவி பேசுவதில்லை: ஒரு கணவரின் கேள்விக்கு மகப்பேறு மருத்துவரின் பதில்

கேள்வி: எனக்கு 33 வயது. காரைக்குடிக்குப் பக்கத்து ஊரில், தாத்தா காலத்துப் பெரிய வீட்டில் இருக்கிறோம். காரைக்குடியில் ஹார்டுவேர் கடை வைத்திருக்கிறேன். மனைவிக்கு இப்போது 29 வாரம். போன வருடம் ஒரு கரு மூன்றாம் மாதத்தில் கலைந்து, சுத்தம் செய்தார்கள். இந்தத் தடவை நஞ்சுக்கொடி கீழே இறங்கி கர்ப்பவாயை மூடியிருக்கிறது என்று ஸ்கேனில் வந்தது. இரண்டு வாரத்துக்கு முன் வலியே இல்லாமல் ரத்தம் போய், ஆஸ்பத்திரியில் சேர்த்து, நின்ற பிறகு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஸ்கூட்டியில் வேலைக்குப் போனதால்தான் இப்படி ஆனது, இனி கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்கிறார் அம்மா. மாமியார், ஏழு மாதம் முடிந்துவிட்டது, தேவகோட்டைக்கு அழைத்துப் போகிறேன் என்கிறார். "ஒண்ணும் ஆகாதும்மா" என்று நான் சொன்னால் மனைவி எரிந்து விழுகிறாள், இல்லாவிட்டால் சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறாள். ராத்திரியில் எனக்குத் தூக்கமே இல்லை. நான் என்னதான் செய்ய வேண்டும் டாக்டர்?

பதில்: தம்பி, உங்கள் கடிதத்தில் மூன்று பேர் பேசுகிறார்கள். அம்மா பேசுகிறார், மாமியார் பேசுகிறார், நீங்கள் பேசுகிறீர்கள். உங்கள் மனைவி என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட அதில் இல்லை. குற்றமாகச் சொல்லவில்லை, பயத்தில் இருக்கும் எல்லா வீட்டிலும் இப்படித்தான் நடக்கிறது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவரைச் சுற்றி எல்லோரும் முடிவெடுப்பார்கள், அவர் மட்டும் கேட்டுக்கொண்டு படுத்திருப்பார். நான் சொல்லப்போவதில் பாதி அதை மாற்றுவது பற்றித்தான். மீதிப் பாதி அவர் தலையில் இருக்கும் காவல் வேலையை நீங்கள் வாங்கிக்கொள்வது பற்றி.

முதலில் ஸ்கூட்டி. நஞ்சு எங்கே ஒட்ட வேண்டும் என்பது கரு கர்ப்பப்பையில் பதியும்போதே, அவருக்கு மாதவிலக்கு தள்ளிப்போகும் முன்பே, முடிவாகிவிடுகிறது. ஸ்கூட்டி ஓட்டியதாலோ, தண்ணீர்க் குடம் தூக்கியதாலோ, பப்பாளி சாப்பிட்டதாலோ மேலே இருந்த நஞ்சு கீழே இறங்கி வராது. ஏற்கெனவே சிசேரியன் ஆனவர்களுக்கும், கர்ப்பப்பையைச் சுத்தம் செய்தவர்களுக்கும் இது கொஞ்சம் அதிகமாக வருகிறது, இரட்டைப் பிள்ளை என்றாலும் வரலாம், எந்தக் காரணமும் இல்லாமலும் வருகிறது. நிறைமாதத்தில் ஏறத்தாழ 200 கர்ப்பத்தில் ஒன்றில் பார்க்கிறோம். இதை உங்கள் அம்மாவிடம் நீங்கள் சொல்ல வேண்டும், இன்றைக்கே, மனைவி காதில் விழும்படி. மருமகள் சொன்னால் வாய் பேசுகிறாள் என்று ஆகும், மகன் சொன்னால் அம்மா கேட்டுக்கொள்வார். "அம்மா, டாக்டர்கிட்ட கேட்டேன், அவ செஞ்சது எதனாலயும் இது வரல, இனிமே அந்தப் பேச்சு நம்ம வீட்ல வேண்டாம்" என்று அமைதியாகச் சொன்னால் போதும். உங்கள் அம்மா கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை, அவருக்கும் பயம், பயத்துக்கு ஒரு காரணம் கிடைத்தால் கொஞ்சம் நிம்மதி. ஆனால் அந்த நிம்மதிக்கான விலையை உங்கள் மனைவி கொடுத்துக்கொண்டிருக்கிறார். போன வருடம் ஒன்றை இழந்தவர் அவர். தன் உடம்பு சரியில்லை, தான்தான் ஏதோ தப்பு செய்துவிட்டோம் என்று ஏற்கெனவே உள்ளுக்குள் ஓடிக்கொண்டிருக்கும்.

"ஒண்ணும் ஆகாது" என்ற சொல் அவரை ஏன் கோபப்படுத்துகிறது என்பதும் இதில்தான் இருக்கிறது. போன தடவையும் எல்லோரும் அதைத்தான் சொன்னார்கள், இல்லையா? ஆனது. அந்த வார்த்தையைக் கேட்டதும், தன் பயத்தை இவரிடம் சொல்ல வழியில்லை என்று அவருக்குத் தோன்றுகிறது. அதற்குப் பதிலாக உண்மையைச் சொல்லிப் பாருங்கள். "எனக்கும் பயமாத்தான் இருக்கு. ரத்தம் போனா என்ன செய்யணும்னு எல்லாம் ஏற்பாடு பண்ணி வச்சிருக்கேன். உன்கூடவே இருக்கேன்." இந்த மூன்றும் பொய்யில்லாத வாக்கியங்கள், ஆனால் நடுவில் உள்ளது பொய்யாகாமல் இருக்க நீங்கள் நிஜமாகவே ஏற்பாடு செய்திருக்க வேண்டும், அதற்கு வருகிறேன். அப்புறம், அவர் அழுதால் அழட்டும், நிறுத்தப் பார்க்காதீர்கள். அழுதால் பிள்ளைக்கு ஆகாது என்று யாராவது சொன்னால் அவர்களைக் கொஞ்ச நேரம் வெளியே உட்காரச் சொல்லுங்கள். போன வருடம் போன பிள்ளையைப் பற்றி நீங்களே ஒரு தடவை பேச்செடுங்கள். அதைப் பற்றிப் பேசினால் இந்தப் பிள்ளைக்கு அபசகுனம் என்று நினைத்து வீடே வாயை மூடிக்கொண்டிருக்கும், அந்த அமைதி அவருக்குத் தாங்க முடியாத பாரம்.

சரி, படுக்கை. கட்டிலை விட்டு இறங்கவே கூடாது என்பது பழைய வைத்தியம், டாக்டர்களும் ஒரு காலத்தில் சொன்னதுதான். முழு நேரமும் படுத்திருப்பதால் ரத்தப்போக்கு தடுக்கப்படுகிறது என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை. கெடுதல்தான் வருகிறது: கர்ப்பத்தில் ரத்தம் இயல்பாகவே உறையும் தன்மை கூடியிருக்கும், அசையாமல் கிடந்தால் கால் ரத்தக்குழாயில் கட்டிக்கொள்ளலாம், தசை தளர்ந்துபோகும், மலச்சிக்கல் வரும், மனசும் படுத்துவிடும். அவருடைய டாக்டர் தனியாகக் காரணம் சொல்லி முழு ஓய்வு எழுதிக்கொடுத்திருந்தால் ஒழிய, வீட்டுக்குள் மெதுவாக நடக்கலாம், உட்காரலாம், குளிக்கலாம், வளவில், அதாவது உள்முற்றத்தில், நாற்காலி போட்டு வெளிச்சத்தில் இருக்கலாம். கனம் தூக்குவது, குனிந்து துடைப்பது, மாடிப்படி ஏறி இறங்குவது, நெடுந்தூரப் பயணம், இதெல்லாம் வேண்டாம். உடலுறவு கூடாது, பிள்ளை பிறக்கும்வரை. இதை உங்களிடம் யாரும் வாய்விட்டுச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன். குன்றக்குடிக்கு வேண்டுதல் இருந்தால் படியேறிவிட்டு வருவது உங்கள் வேலை, அவருடையது இல்லை.

இந்த இடத்தில் உங்கள் வீட்டைப் பற்றிப் பேச வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்துப் பழைய வீடுகள் எனக்குத் தெரியும். தெருவிலிருந்து திண்ணை, முகப்பு, வளவு, இரண்டாம் கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும், வாசல் ஒரு தெருவில் என்றால் பின்கதவு அடுத்த தெருவில். உங்கள் மனைவி எந்த அறையில் படுக்கிறார், அந்த அறையிலிருந்து எந்தத் தெரு கிட்டே? ஸ்ட்ரெச்சர் திரும்ப முடியாத இடம் எது, தெருப்பக்கம் எத்தனை படி? பின்கட்டுக் கதவைப் பல வருடமாகத் திறக்காமல் வைத்திருப்பீர்கள், சாவி மெட்ராஸில் இருக்கும் பங்காளியிடம் இருக்கும். அதை இந்த வாரமே வாங்கி, எண்ணெய் விட்டு, ஒரு தடவை திறந்து பாருங்கள். 108-க்குச் சொல்லும்போது எந்தத் தெருவுக்கு வர வேண்டும், அடையாளம் என்ன என்று ஒரு தாளில் எழுதி போன் பக்கத்தில் ஒட்டுங்கள், ஏனென்றால் அந்த நேரத்தில் உங்களுக்கே ஊர்ப் பெயர் மறந்துவிடும், நீங்கள் கடையில் இருந்தால் பேசப்போவது அம்மாதான். ஆத்தங்குடிக் கல் பதித்த தரை என்றால் தேங்காய் எண்ணெய் போட்டு மெழுகுவதை இந்த மூன்று மாதம் நிறுத்திவிடுங்கள், அவர் நடக்கும் வழியில் ஈரம் இருக்கக் கூடாது. கழிப்பறை கொல்லைப்புறத்தில் என்றால் அதற்குப் பக்கத்து அறைக்கு அவருடைய கட்டிலை மாற்றுங்கள், ராத்திரியில் விளக்கு எரியட்டும்.

தேவகோட்டையா, உங்கள் வீடா என்ற சண்டைக்கு நான் ஒரு கேள்வியில் பதில் சொல்வேன்: பிரசவம் பார்க்கப்போகும் ஆஸ்பத்திரி எங்கே? ராத்திரி இரண்டு மணிக்கும் சிசேரியன் செய்ய மயக்க மருந்து டாக்டர் இருக்கிறாரா, ரத்த வங்கி உள்ளேயே இருக்கிறதா, குறைமாதக் குழந்தைக்கு தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கிறதா? மூன்றுக்கும் ஆமாம் என்ற பதில் வரும் ஆஸ்பத்திரிக்கு எந்த வீடு கிட்டேயோ அந்த வீடு. காரைக்குடியில் பார்ப்பதாக இருந்தால் தேவகோட்டை கிட்டத்தட்ட 18 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, அது தாய்வீடு என்ற ஒரே காரணத்துக்காகப் போவது சரியில்லை. ஏற்கெனவே ஒரு தடவை ரத்தம் போனவர் என்பதால் 34 வாரம் வந்ததும் ஆஸ்பத்திரிக்கு நடக்கும் தூரத்தில் வாடகைக்கு ஒரு அறை எடுப்பதையோ, டாக்டர் சொன்னால் அட்மிட் ஆகியே இருப்பதையோ யோசியுங்கள். மாமியாரை இங்கே வரச் சொல்லலாமே. பெண்ணுக்கு வேண்டியது அம்மாவின் கை, அது எந்த ஊரில் இருந்தால் என்ன. ஆனால் இதை முடிவு பண்ணும் முன் மனைவியிடம் கேளுங்கள், தனியாக, இரண்டு அம்மாக்களும் இல்லாத நேரத்தில். "நீ எங்க இருந்தா உனக்குத் தைரியமா இருக்கும்?" ஒருவேளை அவர் சொல்வது யாரும் எதிர்பார்க்காத பதிலாக இருக்கும்.

இப்போது காவல் வேலை. ஒரு பிளாஸ்டிக் கோப்பு வாங்கி அதில் எல்லா ஸ்கேன் ரிப்போர்ட்டும், பிக்மி எண்ணும் (அரசின் கர்ப்பப் பதிவு எண்), டிஸ்சார்ஜ் சம்மரியும், ஆதார் நகலும் வையுங்கள், முதல் பக்கத்தில் பெரிய எழுத்தில் "நஞ்சு கர்ப்பவாயை மூடியிருக்கிறது, உள்பரிசோதனை செய்யக் கூடாது" என்று எழுதி, கீழே ரத்த வகையையும் எழுதுங்கள். அந்தக் கோப்பும் நீங்களும் ஒன்றாகத்தான் இருக்க வேண்டும். ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், அவசரத்தில் வேறு ஆஸ்பத்திரிக்குப் போக நேர்ந்தால் அங்கே இருப்பவர்களுக்கு இவர் யாரென்று தெரியாது, வழக்கம்போல் கைவிட்டுப் பார்க்கப்போவார்கள், நஞ்சு வழியில் இருக்கும்போது அதுவே பெரிய ரத்தப்போக்கைக் கிளப்பிவிடும். உள்ளே நுழைந்ததும் முதலில் பார்க்கும் நர்ஸிடம் நீங்கள் சொல்ல வேண்டிய முதல் வாக்கியம் அதுதான். வெட்கமே படாமல் சத்தமாகச் சொல்லுங்கள்.

ரத்தம் போனால், கொஞ்சமோ நிறையவோ, வலி இருந்தாலும் இல்லாவிட்டாலும், காலையில் பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். இந்தப் பிரச்சினையில் முதல் தடவை லேசாகப் போய்த் தானாக நிற்பது சகஜம், அதனாலேயே அடுத்த தடவையும் நின்றுவிடும் என்று வீட்டில் காத்திருந்து ஆபத்தில் மாட்டுகிறார்கள். நாப்கினை எறியாமல் எடுத்து வாருங்கள், எவ்வளவு போனது என்று டாக்டருக்குத் தெரியும். வயிறு இறுகி இறுகி விடுவது, தண்ணீர் உடைந்ததுபோல் இருப்பது, தலைசுற்றல், ஒரு கால் மட்டும் வீங்கி வலிப்பது, இவற்றுக்கும் உடனே போக வேண்டும். குழந்தை அசைவு குறைந்தாலும் அப்படித்தான். ஆனால் அரை மணிக்கு ஒரு தடவை "அசையுதா?" என்று கேட்காதீர்கள், தயவுசெய்து. ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு நேரம் வைத்துக்கொண்டு அவர் இடதுபக்கம் ஒருக்களித்துப் படுக்கட்டும், நீங்கள் பக்கத்தில் இருந்து எண்ணுங்கள், இரண்டு மணி நேரத்துக்குள் பத்து அசைவு வந்தால் நிம்மதி. பெரும்பாலும் அரை மணியிலேயே வந்துவிடும். அந்த நேரம் உங்கள் மூன்று பேருக்கும் மட்டுமானது, டிவி வேண்டாம், போன் வேண்டாம்.

ரத்தம் கொடுக்க ஆள் பார்த்து வையுங்கள். அவருடைய வகை என்ன, அந்த வகையில் சொந்தத்திலும் நண்பர்களிலும் யார் யார், கடைசியாக எப்போது கொடுத்தார்கள் என்று எழுதிக்கொள்ளுங்கள். ஆண்கள் ஒரு தடவை கொடுத்தால் அடுத்த மூன்று மாதம் கொடுக்க முடியாது, ஆகவே இப்போதே வேறு எங்கும் கொடுக்க வேண்டாம் என்று நாலைந்து பேரிடம் சொல்லி வையுங்கள். நெகட்டிவ் வகை என்றால் இன்னும் முன்கூட்டியே ரத்த வங்கியில் பேச வேண்டும், ரத்தம் போகும் ஒவ்வொரு தடவையும் 72 மணி நேரத்துக்குள் ஆன்டி-டி ஊசி தேவையா என்று டாக்டரிடம் கேட்க வேண்டும். ஹீமோகுளோபின் 11-க்குக் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். இரும்புச்சத்து மாத்திரையைக் காபி, டீ, பாலோடு கொடுக்காதீர்கள், எலுமிச்சைச் சாறோடு கொடுங்கள், மாத்திரையால் மலம் கட்டினால் அதற்கும் மருந்து வாங்குங்கள், முக்கிப் போகக் கூடாது. சாப்பாட்டில் முட்டை, மீன், பருப்பு, முருங்கைக்கீரை, நிறையத் தண்ணீர். கவுனி அரிசியும் கந்தரப்பமும் ஆசைக்கு ஒரு வாய் போதும், பார்க்க வருகிறவர்கள் எல்லாம் டப்பாவில் இனிப்பு கொண்டுவருவார்கள், சர்க்கரை அளவு ஏறினால் இன்னொரு தலைவலி.

அந்தப் பார்க்க வருகிறவர்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நம் பக்கத்தில் சொந்தம் பெரிது, சிங்கப்பூரிலிருந்தும் மலேசியாவிலிருந்தும் போன் வரும், ஒவ்வொருவருக்கும் அவர் முதலிலிருந்து கதை சொல்ல வேண்டியிருக்கும், முடிவில் யாரோ ஒருவர், இப்படித்தான் எங்க அத்தை பொண்ணுக்கு என்று ஆரம்பிப்பார். அவருடைய போனை நீங்கள் எடுங்கள். வாரத்துக்கு ஒரு தடவை வாட்ஸ்அப்பில் எல்லோருக்கும் இரண்டு வரி போட்டால் போதும். வளைகாப்பு பெரிதாக வேண்டாம், அவருக்கு ஆசை இருந்தால் வீட்டுக்குள் அம்மா, மாமியார், இரண்டு பேர் வளையல் போட்டால் நிறைந்துவிடும், ஆசை இல்லாவிட்டால் அதற்காக யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. இதையும் நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

மனைவி வேலையை விடத் தேவையில்லை. பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடம் என்றால் மகப்பேறு சட்டப்படி 26 வாரம் சம்பளத்தோடு விடுப்பு உண்டு, அதில் 8 வாரம் வரை பிரசவத்துக்கு முன்பே எடுக்கலாம், கர்ப்பத்தால் வந்த நோய்க்கு மருத்துவச் சான்றிதழ் கொடுத்தால் இன்னும் ஒரு மாதம் கேட்கலாம். அந்தக் கடிதத்தை நீங்கள் எழுதிக்கொண்டு போய்க் கொடுங்கள். முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் 14,000 ரூபாய் பணமும் ஊட்டச்சத்துப் பெட்டகமும் உண்டு, தகுதி இருக்கிறதா என்று கிராம சுகாதார நர்ஸிடம் கேட்டுப் பதிவு செய்யுங்கள்.

இனி நடக்கப்போவது என்ன என்று தெரிந்தால் இருவருக்கும் கொஞ்சம் பிடி கிடைக்கும். 32 வாரத்தில் ஒரு ஸ்கேன், தேவைப்பட்டால் 36-ல் இன்னொன்று. கர்ப்பப்பையின் கீழ்ப்பகுதி வளர வளர நஞ்சு வாயிலிருந்து விலகிப்போவதும் உண்டு, ஆனால் 29 வாரத்தில் முழுதாக மூடியிருந்தால் அதை நம்பிக்கொண்டு திட்டம் போடக் கூடாது. விலகாவிட்டால் சிசேரியன்தான், சுகப்பிரசவத்துக்கு வழியில்லை. ரத்தப்போக்கு இல்லாவிட்டால் வழக்கமாக 36-இலிருந்து 37 வாரத்துக்குள் நாள் குறிப்பார்கள். நல்ல நேரம் பார்க்க வேண்டும் என்று வீட்டில் சொல்வார்கள். டாக்டர் கொடுக்கும் நாட்களுக்குள், பகலில், எல்லா டாக்டர்களும் ஆஸ்பத்திரியில் இருக்கும் நேரத்துக்குள் இருந்தால் பாருங்கள், அதற்காக ஒரு நாள் தள்ளிப்போடவோ ராத்திரியில் வைக்கச் சொல்லவோ வேண்டாம். ரத்தம் நிற்காமல் போனால் எந்த நேரமும் நல்ல நேரம்தான்.

முன்பே பிறக்க நேர்ந்தால் என்ன ஆகும் என்ற பயம்தான் உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று நினைக்கிறேன். 34 வாரத்துக்கு முன் பிரசவம் ஆகலாம் என்று தோன்றினால் குழந்தையின் நுரையீரல் முதிர அம்மாவுக்கு ஸ்டீராய்டு ஊசி போடுவோம். போன தடவை அட்மிட் ஆனபோது போட்டார்களா என்று டிஸ்சார்ஜ் சம்மரியில் பாருங்கள், புரியாவிட்டால் கேளுங்கள். நல்ல தீவிர சிகிச்சைப் பிரிவு இருக்கும் இடத்தில் 30, 32 வாரத்தில் பிறந்த குழந்தைகளில் பெரும்பாலானவர்கள் பிழைத்து வீட்டுக்குப் போகிறார்கள். சில வாரம் அங்கே இருக்க வேண்டிவரும், கண்ணும் காதும் பரிசோதிக்க வேண்டிவரும், எடை ஏறும்வரை பொறுமை வேண்டும். மனைவி ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கும்போது முதலில் குழந்தையைப் பார்க்கப்போவது நீங்கள்தான். சீம்பால் ஒரு சொட்டு என்றாலும் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும், டாக்டர் சரி என்றதும் சட்டையைக் கழற்றிவிட்டு நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக்கொள்ள வேண்டும். இதற்குக் கங்காரு பராமரிப்பு என்று பெயர், அப்பாவும் செய்யலாம், குழந்தையின் சூடும் மூச்சும் சீராகும். நர்ஸிடம் இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

மனைவி சுவர் பார்த்துப் படுப்பதைப் பற்றி ஒரு எச்சரிக்கை. பயமும் கோபமும் இந்த நிலையில் இயல்பு. ஆனால் இரண்டு வாரத்துக்கு மேல் எதிலும் பிடிப்பில்லாமல், தூங்க வாய்ப்பிருந்தும் தூங்காமல், சாப்பிடாமல், நான் இருந்து என்ன பயன் என்ற மாதிரிப் பேச்சு வந்தால் அது சிகிச்சை வேண்டிய மனச்சோர்வு. அந்தப் பேச்சு வந்தால் இரண்டு வாரம் எண்ணிக்கொண்டு இருக்க வேண்டாம், அன்றைக்கே டாக்டரிடம் சொல்லுங்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில் (அரசின் மனநல உதவி எண்) எந்த நேரமும் தமிழிலேயே பேசலாம், காசு இல்லை. உங்களுக்கும் அதே எண்தான். ராத்திரி முழுக்க விழித்து அவர் மூச்சைக் காவல் காத்தால், நிஜமாக ஓட வேண்டிய அன்று உங்களால் வண்டி ஓட்ட முடியாது. மாமியார் வந்ததும் ராத்திரிகளை முறை வைத்துக்கொள்ளுங்கள், ஒருநாள் அவர், ஒருநாள் நீங்கள். கடையை நம்பிக்கையான ஒரு ஆளிடம் பாதி நாள் விடுங்கள். அழ வேண்டும் என்று தோன்றினால் நண்பனிடமோ அண்ணனிடமோ போய் அழுங்கள், மனைவி முன்னாலும் ஒரு தடவை அழலாம், தப்பில்லை.

அடுத்த தடவை டாக்டரைப் பார்க்கப் போகும்போது மனைவியையே பேசவிடுங்கள். என்ன கேட்க வேண்டும் என்று முந்தின நாள் ராத்திரி அவர் சொல்லச் சொல்ல நீங்கள் எழுதுங்கள். உங்கள் சந்தேகங்கள் அவருடையதுக்குக் கீழே வரட்டும். டாக்டர் உங்களைப் பார்த்துப் பதில் சொன்னால், "அவங்ககிட்ட சொல்லுங்க டாக்டர், நான் எழுதிக்கிறேன்" என்று சொல்லுங்கள். 32 வார ஸ்கேன் வந்ததும் எனக்கு எழுதுங்கள், முடிந்தால் அந்தக் கடிதத்தை அவர் எழுதட்டும்.